நப்தலியின் பயம்

கிருவேனி, கிளிமஞ்சாரோ
2 செப்டம்பர் 1984

அன்புள்ள தம்பி நப்தலிக்கு,

அக்கா ஐக்காருவா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். நீயும் லுசாக்காவில் நேரத்துக்குச் சாப்பிட்டு, சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, சுகமாயிருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்பத்தானே முடியும்? கடைசியாக வந்த உறையில் எனக்கு இரண்டு வரி, கட்டடக் கமிட்டிக்கு ஏழு தாள். நானே கமிட்டியின் செயலாளர் என்பதால் அந்த ஏழையும் நான்தான் படித்தேன். அதிலாவது உன் கையெழுத்தைப் பார்த்த திருப்தி.

நீ படம் வரைந்து அனுப்பிய உன் கோயில் வளர்கிறது. நாலு பக்கச் சுவரும் பழைய ஆலயத்தைச் சுற்றி எழும்பி, அதன் கூரையைத் தாண்டிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் வழியே பார்த்தால் வாழைத்தோப்பு தெரிவதில்லை, மலை தெரிவதில்லை, நீ படத்தில் போட்ட சுவர்தான் தெரிகிறது. பெரிய பெட்டிக்குள் வைத்த சின்னப் பெட்டியில் உட்கார்ந்து பாடுகிறோம். இருட்டில் போதகர் மகுண்டி வேதவசனத்தைத் தடவித் தடவி வாசிக்கிறார். ஆனால் ஒரு ஞாயிறுகூட ஆராதனை நிற்கவில்லை. கமிட்டித் தலைவர் மின்ஜா பெரியவருக்கு அதில்தான் பெருமை. காப்பி சங்கத்திலும் சந்தையிலும் அதே பேச்சு: "பக்கத்துச் சபைக்காரனுங்க கோயில இடிச்சுட்டு மூணு வருஷம் மரத்தடியில நனைஞ்சானுங்க. நாம பழைய சட்டையக் கழட்டாமலே புதுச் சட்டை போட்டுக்கிறோம்யா!"

இன்னொரு நல்ல செய்தி. பீடத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு தூண் போட்டிருந்தாய் அல்லவா? வலப்பக்கத் தூண் பழைய ஆலயத்துக்கு வெளியே விழுந்ததால் எழும்பிவிட்டது. இடப்பக்கத் தூண் சரியாகப் பழைய பீடத்தின்மேலேயே விழுகிறது. அங்கே குழி தோண்ட யாருக்கு மனம் வரும்? கொத்தனார் ஸ்வாய் ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய பீடச்சுவர்தான் முக்கோணமாக உயர்ந்து நிற்கிறதே, அதன் உச்சியில் இன்னும் கொஞ்சம் கல் ஏற்றி, உன் பெரிய உத்தரத்தின் ஒரு முனையை அதன்மேல் உட்காரவைத்துவிட்டார். தூணுக்கு வைத்திருந்த சிமெண்டில் வாசற்படி முடிந்தது. இந்தக் காலத்தில் சிமெண்ட் மிச்சம் என்றால் சும்மாவா?

கிறிஸ்துமஸுக்கு டார் நகரிலிருந்தும் நைரோபியிலிருந்தும் எல்லோரும் ஊருக்கு வந்துவிடுவார்கள். டிசம்பர் 27 அன்று பழைய ஆலயத்தை உள்ளேயே பிரித்து, புது வாசல் வழியாக வெளியே எடுக்கப்போகிறோம். ஒவ்வொரு குடும்பமும் தன் தாத்தா சுமந்துவந்து வைத்த கல்லைத் தானே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். அடையாளம்தான் கல்லிலேயே வெட்டியிருக்கிறதே. கடைசிக் கல் வெளியே போனதும் மணி அடிக்கும், பேராயர் பிரதிஷ்டை செய்வார்.

நம் வீட்டுக் கல் பீடச்சுவரில், மின்ஜா வீட்டுக் கல்லுக்குப் பக்கத்தில். அதை எடுக்க ஆண்பிள்ளை வேண்டுமே என்று சிலர் என் காது படவே பேசுகிறார்கள். எனக்குக் கை இல்லையா? நானே எடுப்பேன். ஆனாலும் நீ வந்தால் நன்றாயிருக்கும். அப்பா போய் நாலு கிறிஸ்துமஸ் ஆயிற்று. ரயில் பிந்தி நீ அடக்கத்துக்கு வந்து சேராமல் போனதை இங்கே யாரும் பேசுவதில்லை. நீதான் அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறாய்.

உன் அன்பு அக்கா,
ஐக்காருவா

லுசாக்கா
25 செப்டம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கோபித்துக்கொள்ளாதே, நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இடப்பக்கத் தூணை விட்டுவிட்டீர்களா?

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். அந்தப் பத்தி வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் யாருக்காவது உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார்.

அக்கா, அந்த உத்தரத்தின்மேல்தான் பீடப்பக்கத்துக் கூரை முழுவதும் இருக்கிறது. மணிக்கூண்டும் அதன்மேல்தான். ஜெர்மன்காரர் காலத்து மணி, எட்டுப்பேர் சேர்ந்து தூக்கிய மணி. அது அடிக்கும்போது கூண்டு ஆடும், உத்தரமும் ஆடும். இன்றைக்கு எல்லாம் நிற்கிறது, ஏனென்றால் பழைய பீடச்சுவர் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுவரை டிசம்பரில் நீங்களே பிரித்து எடுக்கப்போகிறீர்கள். அப்போது உத்தரத்தின் அந்த முனை எதன்மேல் நிற்கும்? இந்த ஒரு கேள்வியை மட்டும் ஸ்வாயிடம் கேள்.

அதே நாளில், அதே இடத்தில், ஊர் முழுக்க, வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் முழுக்க, அந்த உத்தரத்துக்குக் கீழே கூடி நின்று பாடுவீர்கள். நீதான் பாடகர் குழுவை முன்னால் நிறுத்துவாய். உன் இடம் பீடத்துக்கு இடப்பக்கம்.

டிசம்பருக்கு முன்பு தூணை எழுப்புங்கள். முடியாவிட்டால் பீடச்சுவரை மட்டும் தொடாமல் விடுங்கள். உடனே பதில் போடு.

உன் தம்பி,
நப்தலி

கிருவேனி
18 அக்டோபர் 1984

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கமிட்டியில் வாசித்தேன். நலம் விசாரிக்காமல் ஆரம்பித்த முதல் கடிதம் இதுதான் என்று எனக்கு முதலில் கோபம் வந்தது. படித்து முடித்ததும் கோபம் போய் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அது இன்னும் போகவில்லை.

நீ சொன்ன கேள்வியை ஸ்வாயிடம் கேட்டேன். அவர் அசரவில்லை. "டீச்சரம்மா, அந்த முனைய நான் பக்கச் சுவரோட இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருக்கேன். அடியில சுவரு இல்லாட்டியும் பட்டை பிடிச்சுக்கும். யானை ஏறினாலும் அசையாது. தம்பிகிட்ட சொல்லுங்க, காகிதத்துல வளையிற மரமெல்லாம் கட்டடத்துல வளையாது."

மின்ஜா பெரியவர் அதற்குமேல். "உன் தம்பிதானே? சின்ன வயசுல மாட்டுக் கொட்டில் தாழ்ப்பாளத் திரும்பத் திரும்பப் போய்த் தொட்டுப் பாத்துட்டு வருவானே, அவன்தானே? இப்போ லுசாக்காவுல இருந்து கைய நீட்டித் தொட்டுப் பாக்குறான்!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு நடந்துவரும்போதுதான் நினைத்தேன்: நீ தாழ்ப்பாள் பார்த்த காலம் வரைக்கும் நம் மாடு ஒன்றுகூட வெளியே போனதில்லை.

தூணை இப்போதே எழுப்பலாம் என்று சொல்லிப் பார்த்தேன். குழி தோண்டப் பீடத்தை நகர்த்த வேண்டும். புது ஆலயம் பிரதிஷ்டை ஆகும்வரை பீடம் நகராது என்று போதகர் ஒரே பிடி. பீடம் இல்லாமல் ஒரு ஞாயிறுகூட வராது என்று சபை முழுக்க வாக்குக் கொடுத்தாயிற்றாம். சரி, பீடச்சுவரை மட்டும் பிறகு பிரிக்கலாமே என்றேன். அதில் ஐந்து குடும்பத்தின் கல் இருக்கிறது. மின்ஜாவின் தம்பி சக்கரியா அதற்காகவே நைரோபியிலிருந்து மகன்களோடு வருகிறார். மற்ற எல்லா வீட்டுக்கும் கல் போய், மின்ஜா வீட்டுக்கு மட்டும் போகாதா? அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

தூணைக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு, பீடம் புது இடத்துக்குப் போனதும், சாவகாசமாகக் கட்டிக்கொள்ளலாமாம். நடுவில் இருக்கும் நாட்களைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. உனக்கும் எனக்கும்தான்.

சாப்பிடுகிறாயா? அதையாவது எழுது.

அக்கா

லுசாக்கா
10 நவம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். இறங்குகிறதா என்று கேட்டால் இல்லை.

மின்ஜா பெரியவருக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. விடுமுறை கேட்டேன். மார்ச் வரை கிடையாது என்கிறார் மேலதிகாரி. யாருடைய ஊருக்கோ ஒரு தபால் நிலையம் வரைந்துகொண்டிருக்கிறேன். வரையும்போது கை தானாக உன் பீடத்துப் பக்கம் போய்விடுகிறது. நேற்று அந்தத் தபால் நிலையத்துக்கே தேவையில்லாமல் ஒரு தூண் போட்டுவிட்டேன். எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள்.

அக்கா, ஸ்வாயின் இரும்புப் பட்டை தாங்குமா என்று எனக்குத் தெரியவேண்டும். நான் படத்தில் எழுதியது மலைக் கற்பூர மரம், ஒரே துண்டு. அவர் போட்டது என்ன? எவ்வளவு அகலம், எவ்வளவு கனம்? ஒட்டுப் போட்டிருக்கிறாரா? போட்டிருந்தால் எந்த இடத்தில்? பட்டையின் போல்ட் எவ்வளவு தடிமன்? இதெல்லாம் தெரியாமல் கணக்குப் போட முடியாது. உன்னைத் தவிர வேறு யாரைக் கேட்பேன்?

இன்னொன்று. சுவரைப் பிரிக்கத்தான் வேண்டும் என்றால், அதற்கு முன்னால் உத்தரத்துக்கு அடியில் நல்ல யூகலிப்டஸ் கட்டைகளை முட்டுக் கொடுக்கச் சொல். எப்படி நிறுத்துவது என்று பின்னால் வரைந்திருக்கிறேன். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லட்டும், பரவாயில்லை. நீ மட்டும் சொல்லாதே.

நப்தலி

கிருவேனி
3 டிசம்பர் 1984

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா இந்த வயதில் சாரத்தின்மேல் ஏறினாள். பள்ளிக்கூடத்து அளவு நாடாவை இடுப்பில் செருகிக்கொண்டு. பாடகர் குழுப் பெண்கள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். "டீச்சர், பாவாடைய இறுக்கிக் கட்டுங்க, கீழ போதகர் வர்றாரு!" என்று ஒருத்தி கத்த, போதகர் மகுண்டி திரும்பிப் பார்க்காமல் வந்த வழியே போய்விட்டார். மேலே போனதும் எனக்குச் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. நப்தலி, அது உயரம். கீழே பெஞ்சுகள் சின்னச் சின்னதாகத் தெரிந்தன. அவற்றில் யார் யார் உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அளவுகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கற்பூர மரம் கிடைக்கவில்லையாம், சைப்ரஸ் போட்டிருக்கிறார். ஒரே துண்டு இல்லை. இரண்டு மரத்தை ஒட்டியிருக்கிறார், ஒட்டு இடப்பக்கம் இருக்கிறது. போல்ட் என் சுண்டுவிரல் அளவு.

முட்டுக்கட்டை விஷயத்தைச் சொன்னேன். உன் படத்தையும் காட்டினேன். மின்ஜா பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, பார்த்தார். "பேராயர் வர்ற அன்னிக்குக் கோயில் நடுவுல கட்டையா? மாட்டுக் கொட்டில்னு நெனச்சுக்குவாரு" என்றார். அவ்வளவுதான்.

இப்போது நான் உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். அன்றைக்கு நான் போய் நிறுத்தினால், மற்ற நாலு குடும்பத்தையும் பகைத்துக்கொள்வேன். மின்ஜா வீட்டாரை ஊர் முன்னால் அவமானப்படுத்தினதாக ஆகும். அதற்குப் பிறகு இந்த ஊரில்தான் நான் இருக்கவேண்டும். நீ லுசாக்காவில் இருப்பாய். அதனால் நேராகச் சொல். விழும் என்று உனக்குத் தெரியுமா? தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நான் யாருக்கும் பயப்பட மாட்டேன். கடிதம் வந்து சேராது, தந்தி கொடு.

அக்கா

தந்தி
லுசாக்கா, 22 டிசம்பர் 1984

விழுமா என்று தெரியாது. சுவரைத் தொடவிடாதே. நப்தலி

கிருவேனி
29 டிசம்பர் 1984

நப்தலி,

உன் தந்தி கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்தது. தபால்காரர் வாசலில் நின்று, நல்ல செய்தியா என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை என்றேன்.

கையில் வைத்துக்கொண்டு உன்மேல் எவ்வளவு கோபப்பட்டேன் தெரியுமா? 'விழும்' என்று எழுத உனக்கு என்ன கேடு? ஒரு சொல் பொய்யாகச் சொன்னால்தான் என்ன? பிறகு நினைத்துக்கொண்டேன், பொய் சொல்லத் தெரிந்த தம்பியாக இருந்தால் அவன் சொல்லைக் கேட்டு நான் சாரத்தில் ஏறியிருக்க மாட்டேன் என்று.

27-ஆம் தேதி காலையிலேயே ஊர் நிறைந்துவிட்டது. பாட்டும் குலவையுமாகப் பழைய கூரையைப் பிரித்தார்கள். பக்கச் சுவர்களிலிருந்து ஒவ்வொரு வீட்டாரும் கல்லை எடுத்து, துடைத்து, தலையில் வைத்துக்கொண்டு புது வாசல் வழியாகப் போனார்கள். பார்க்க அவ்வளவு அழகு. நீ பார்த்திருக்கவேண்டும். எனக்குப் பாட்டு வரவில்லை. உத்தரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். போதகரிடம் தந்தியைக் காட்டினேன், மின்ஜாவிடம் காட்டு என்றார். மின்ஜாவிடம் காட்டினேன், அப்புறம் பார்க்கலாம் என்றார்.

கடைசியில் பீடச்சுவர் மட்டும் நின்றது. சக்கரியாவும் மகன்களும் கடப்பாறையோடு வந்தார்கள். நான் போய்ப் பீடத்துப் படியில் உட்கார்ந்து சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். மயக்கம் என்று நினைத்து ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, "இந்தச் சுவர இன்னிக்கி யாரும் தொடக்கூடாது" என்றேன்.

சக்கரியா கேட்டார்: "விழும்னு உன் தம்பி சொன்னானா?"

"தெரியாதுன்னு சொன்னான்."

"தெரியாதா! தெரியாததுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? எங்கப்பன் கல்லும்மா அது. அதுக்காக எல்லை தாண்டி வந்திருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. "சரி. விழாதுன்னு தெரிஞ்சவங்க யாராவது வாங்க. உங்க பிள்ளைங்களயும் கூட்டிட்டு வந்து இந்த உத்தரத்துக்கு நேர கீழ நில்லுங்க. நான் எந்திரிச்சுப் போறேன்" என்றேன்.

ஸ்வாய் ஒரு அடி எடுத்து வைத்தார். அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். வேறு யாரும் வரவில்லை. சிரிப்பு நின்றது, ஆனால் யாரும் என்னை மன்னிக்கவும் இல்லை. மின்ஜா பெரியவர் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். போகும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பேராயர் வந்து பிரதிஷ்டை செய்தார். புதுக் கோயிலின் நடுவில் ஒற்றைப் பல் மாதிரி அந்தச் சுவர் நிற்கிறது. "இது என்ன?" என்று கேட்டார். "மிச்சம்" என்றார் போதகர். மணி அடிக்கவில்லை, நான்தான் வேண்டாமென்றேன். வெளியே வரும்போது சக்கரியா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அதுக்குப் பேரு வெச்சாச்சு. நப்தலியின் பயம்." இப்போது பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். 'நப்தலியின் பயத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கோ' என்று விளையாடுகிறார்கள்.

நேற்று பாடகர் குழு ஒத்திகைக்குப் போனேன். என் இடத்தில் மின்ஜாவின் மருமகள் நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். இருபது வருஷமாக நின்ற இடம்.

'தெரியாது' என்ற ஒரு சொல்லை நம்பி இதையெல்லாம் செய்தேன். நான் செய்தது சரியா என்று நீதான் சொல்லவேண்டும். எழுதிச் சொல்லாதே. வந்து சொல்.

ஐக்காருவா

லுசாக்கா
22 ஜனவரி 1985

என் அருமை அக்காவுக்கு,

மன்னித்துக்கொள், இதை மட்டும் எழுதிவிடுகிறேன், மற்றதை வந்து சொல்கிறேன்.

உன் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டேன். இங்கே மூத்த பொறியாளர் ஒருவரையும் போடச் சொன்னேன். இரண்டு பேருக்கும் ஒரே விடை. மரம் உள்ளே உளுக்காமல் இருந்தால், பட்டை பிடித்துக்கொண்டால், மணி அடிக்காமல் இருந்தால், நிற்கலாம். இதில் ஒன்று பிசகினாலும் நிற்காது. 'நிற்கலாம்' என்பதைக் கையில் வைத்துக்கொண்டு உன்னால் யார் முகத்தையும் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். வேறு விடை வராதா என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உத்தரம் விழவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன் அக்கா. அதை நினைத்து எனக்கே பயமாக இருந்தது.

நீ கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாய் என்று படித்ததும் மேலதிகாரியிடம் போனேன். சம்பளமில்லாத விடுமுறை, பிப்ரவரி கடைசியில் கிளம்புகிறேன். ரயில் பிந்தினாலும் இந்தமுறை வந்து சேருவேன். தூணை நானே நின்று எழுப்புகிறேன். இதற்குப் பதில் போடாதே, போட்டால் இங்கே வாங்க ஆள் இருக்காது.

கட்டைகளை மட்டும் வெட்டி வைக்கச் சொல்.

நப்தலி

கிருவேனி
12 ஏப்ரல் 1985

அன்புள்ள தம்பிக்கு,

நீ பஸ் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. குடித்த காப்பிக் கோப்பையை இன்னும் கழுவவில்லை. இந்தக் கடிதம் உனக்குப் பின்னாலேயே வந்து சேரட்டும். ஆறு வாரம் ஒரே வீட்டில் இருந்தோம், முக்கியமானதை இரண்டு பேரும் பேசவில்லை. நமக்குத் தாளில்தான் வாய் திறக்கிறது.

முதலில் திட்டிவிடுகிறேன். முட்டுக்கட்டைகளை நிறுத்தினாய், ஆப்பு வைத்தாய், எல்லோரையும் வெளியே அனுப்பினாய். எல்லாம் சரி. ஸ்வாய் உச்சிக் கல்லை உருவும்போது நீ எதற்காக உத்தரத்துக்கு நேர் கீழே போய் நின்றாய்? மழை வேறு கொட்டிக்கொண்டிருந்தது. "யாராவது நிக்கணும்னு அக்கா கேட்டாங்க இல்ல?" என்றாயாம், ஸ்வாய் சொன்னார். நான் கேட்டது உன்னையா? யாரும் அங்கே நிற்கக்கூடாது என்பதற்காக ஊரையே பகைத்துக்கொண்டவள் நான். டிசம்பரில் வராத பயம் எனக்கு அப்போது வந்தது. வாசலில் நின்று உன் பெயரைக் கத்தினேன், மழைச் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை.

கல் வெளியே வந்ததும் உத்தரம் இறங்கியது. அதிகம் இல்லை, ஒரு விரல் அகலம். கட்டைகள் பிடித்துக்கொண்டன. ஆனால் ஸ்வாயின் பட்டையிலிருந்து போல்ட் ஒன்று தெறித்து, பெஞ்சில் அடித்து, தரையில் உருண்டு, வாசலில் நின்ற மின்ஜா பெரியவரின் காலடிக்கு வந்தது. ஸ்வாய் இறங்கிவந்து அதை எடுத்து, அறுந்த இடத்தைப் பார்த்தார். கோயிலில் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, அதைப் பையில் போட்டுக்கொண்டார். மின்ஜா பெரியவர் தொப்பியைக் கழற்றினார்.

கட்டை இல்லாமலிருந்தால் முழுதும் விழுந்திருக்குமா என்று அன்று மத்தியானம் உன்னைக் கேட்டேன். "தெரியாதுக்கா" என்றாய். இப்போதும் தெரியாதா! உன்னை என்ன செய்ய? ஆனால் இந்தமுறை அந்தச் சொல் எனக்குக் கசக்கவில்லை.

நீ பார்க்காத ஒன்று. ஈஸ்டருக்கு முந்தின ஒத்திகை அன்று மின்ஜா பெரியவர் என் வீட்டு வேலியருகே வந்து நின்றார். கிறிஸ்துமஸிலிருந்து என் வணக்கத்தை வாங்காத மனிதர். என்னைப் பார்க்காமல் வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், எங்க மருமக தாளம் போட்டா பாட்டு பாதி வழியிலேயே படுத்துக்குது. ஈஸ்டருக்கும் அப்படியே படுத்துக்கணுமா?" அவர் மன்னிப்புக் கேட்டது அவ்வளவுதான். எனக்குப் போதும். ஈஸ்டர் அன்று நான் நின்றது என் இடத்தில்தான், நீ எழுப்பி முடித்த தூணுக்குப் பக்கத்தில். மணி அடித்தபோது எல்லோரும் மேலே பார்த்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீ தூணின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாய், தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. மணி அடங்கினபிறகுதான் கையை எடுத்தாய்.

தூணை ஊரில் என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்டாயே. சுவருக்கு வைத்த பெயரை மாற்றவில்லை. "நப்தலியின் பயத்துக்கிட்ட உக்காரு, அங்கதான் பத்திரம்" என்று பெண்கள் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள்.

சக்கரியாவின் கல் நைரோபிக்குப் போய்விட்டது. மற்ற மூன்று வீட்டாரும் எடுத்துக்கொண்டார்கள். நம் வீட்டுக் கல்லை எங்கே வைத்தாய் என்று கிளம்பும்போது கேட்டாய், மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் என்றேன். பொய். உன் பையை பஸ்ஸின் மேலே ஏற்றின பையன், "என்னண்ணே, கல்லா கட்டியிருக்கீங்க?" என்று கேட்டானே, நீ புத்தகம் என்று சொன்னாயே, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உன் கம்பளிச் சட்டைக்குள் சுற்றி, அடியில் நான்தான் வைத்தேன். இது வந்து சேருவதற்குள் பையைத் திறந்து என்னைத் திட்டி முடித்திருப்பாய்.

அந்தக் கல் இந்த ஊர்க் கல். லுசாக்காவில் அதற்கு வேலை இல்லை. அதை அங்கே யாரிடமும் கொடுக்காதே, தபாலிலும் அனுப்பாதே. கிறிஸ்துமஸுக்கு நீயே சுமந்துகொண்டு வா. அடுப்படியில் அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

உன் அக்கா,
ஐக்காருவா